எல்லோருக்காகவும் வாழ்ந்த பாட்டியின் வாழ்க்கையை எப்படி எழுதுவது?

கயல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

என் அம்மாச்சி (அம்மாவின் அம்மா) அண்மையில் காலமானார். நிறைவாக வாழ்ந்தவர், கடைசிவரை நினைவு தப்பவில்லை, அந்த வகையில் எங்களுக்கு ஆறுதல். அவரைப் பற்றிச் சிறு புத்தகம் ஒன்று கொண்டுவரலாம் என்று குடும்பத்தில் முடிவு செய்திருக்கிறோம். விற்பனைக்கு அல்ல. எங்கள் பிள்ளைகளும் அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களும் எடுத்துப் படிக்க. எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

எழுத உட்கார்ந்தால் "எல்லோருக்காகவும் வாழ்ந்தார், தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை" என்றுதான் வருகிறது. பொய்யில்லை. ஆனால் அதை யாருடைய பாட்டிக்கும் எழுதிவிடலாம். அந்த வரியைப் படிக்கிற பிள்ளைக்கு என் அம்மாச்சி யாரென்று தெரியவே போவதில்லை.

அவர் தையல் தைத்தவர். தாத்தாவின் சம்பளத்தோடு அந்த வருமானமும் சேர்ந்துதான் பிள்ளைகள் படித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார், வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வார். யாருக்காவது முடியவில்லை என்றால் இரவெல்லாம் போய் உட்கார்ந்திருப்பார். இதில் எதற்கும் ஒரு காகிதம்கூட இல்லை. தாத்தாவுக்குப் பணி நியமனக் கடிதத்திலிருந்து ஓய்வுபெற்ற நாளில் எடுத்த படம் வரை ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அம்மாச்சிக்கு ஓர் அடையாள அட்டையும் சில புகைப்படங்களும்தான். அவற்றிலும் பாதிப் படங்களில் யாராவது ஒரு குழந்தை அவர் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறது.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது, எங்கிருந்து தொடங்குவது? இப்படி எழுதிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

———

மழைச்சாரல் எழுதியது:

ஆழ்ந்த இரங்கல், கயல். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் அப்பத்தா நினைவுதான் வந்தது. நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: தள்ளிப்போடாதீர்கள். அவர் வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால் முதலில் அவர்களிடம் போங்கள். உங்கள் அம்மாவிடமும் மாமாக்களிடமும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

———

பழைய பேனா எழுதியது:

கயல், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். குடும்ப வரலாறு எழுத வருகிறவர்களோடு நிறைய உட்கார்ந்து பேசியிருக்கிறேன்.

அக்கம்பக்கத்துக்கு உழைத்த பெண்களைப் பற்றிய ஆவணம் அவர்கள் வீட்டில் இருக்காது, அடுத்தவர்கள் வீட்டில் இருக்கும். உங்கள் அம்மாச்சி எழுதிக் கொடுத்த கடிதம் எங்கோ ஒரு பெட்டியின் அடியில் கிடக்கலாம். அவர் தைத்த சட்டையோடு யாரோ ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே தேடலைக் குடும்பத்தோடு நிறுத்தாதீர்கள்.

அடுத்தது கேட்கும் விதம். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷி" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "உங்களுக்காக அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்போது பகலா இரவா, வேறு யார் இருந்தார்கள், அவர் கையில் என்ன இருந்தது, வாயைத் திறந்து என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். அவர் கோபப்பட்ட ஒரு சமயம், அவர் மறுத்துவிட்ட ஓர் உதவி, இவற்றையும் கேளுங்கள். மறுப்பில் ஒருவருடைய அளவுகோல் நன்றாகத் தெரியும்.

வயதானவர்கள் பழங்கதையில் மூழ்கிவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் மருத்துவர்களே அதைத் தளர்ச்சியின் அடையாளமாகப் பார்த்தார்கள். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர்தான், இது வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குப் பார்க்கும் இயல்பான வேலை, பயனுள்ள வேலை என்று எழுதினார். இன்னொன்று, நடு வயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான நினைவுகளே மற்றப் பருவங்களைவிட அதிகமாக வரும். இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. எனவே அம்மாச்சியின் தோழிகளிடம் அவர்களுடைய இளமைக் காலத்திலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குத் தெரியாத அம்மாச்சி அங்கேதான் இருக்கிறார்.

ஆண்டு தெரியாது என்பார்கள். பரவாயில்லை. பிறந்த தேதி தெரியாதவர்களின் வயதைக் கணக்கிட மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் ஒரு நிகழ்ச்சிப் பட்டியலை வைத்துக்கொள்வார்கள்: பெரிய வெள்ளம், ஒரு தலைவரின் மரணம், மின்சாரம் வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது என்று. அது நடந்தபோது நீங்கள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு நெருங்குவார்கள். உங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு பட்டியல் போடலாம். யார் எப்போது பிறந்தார்கள், எப்போது வீடு மாறினீர்கள் என்று எழுதி வைத்துக்கொண்டால், வருகிற ஒவ்வொரு நினைவையும் ஏதாவது இரண்டுக்கு நடுவில் வைத்துவிடலாம்.

———

இளமாறன் எழுதியது:

பழைய பேனா ஐயா சொன்னதோடு பதிவு செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவுகளை எண்ம வடிவுக்கு மாற்றுவது என் தொழில்.

பேட்டிக்குக் கைபேசியே போதும், அக்கா. விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாது. மின்விசிறியை நிறுத்துங்கள். கைபேசியை மடித்த துணி மேல், பேசுகிறவருக்குப் பக்கத்தில் வையுங்கள், மேசை அதிர்வு ஏறாது. ஒரு நிமிடம் பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதலில் உங்கள் குரலில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அந்த விவரம் உள்ளே இருக்கும். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். அந்த இடைவெளிக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் முக்கியமாக இருக்கும்.

நீளமும் முக்கியம். 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு ஒலிப்பதிவு அறையோடு டேவ் ஐசே ஸ்டோரிகார்ப்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒருவரையொருவர் அறிந்த இருவர் அதில் உட்கார்ந்து 40 நிமிடம் பேசுவார்கள். சம்மதித்தால் பதிவின் ஒரு பிரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போகும். அந்த 40 நிமிடம் நல்ல அளவு. முதியவர்களை அதற்கு மேல் உட்கார வைக்க வேண்டாம், இன்னொரு நாள் போகலாம்.

புகைப்படங்களை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். பசை தடவிய பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடுகிற பழைய ஆல்பமாக இருந்தால் படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். ஆல்பத்தில் இருக்கும்படியே முதலில் படம் எடுத்துவிடுங்கள், வெளியே எடுப்பதைப் பிறகு நிதானமாக யோசிக்கலாம். பின்பக்கத்தில் பெயர் எழுத மென்மையான பென்சில்தான். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும். பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறையில் வைக்க வேண்டாம், நாளாக ஆக அதிலிருந்து வெளிவருவது படத்தைக் கெடுக்கும். வாட்ஸ்அப்பில் உறவினர்களிடம் படம் கேட்கும்போது டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், அச்சில் மங்கலாக வரும்.

யாரிடமாவது அம்மாச்சியின் குரல் உள்ள கேசட் இருந்தால், மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன் மேல் வேறெதுவும் பதிவாகாது. கேட்டுப் பார்க்கிறேன் என்று பழைய பிளேயரில் ஓட்ட வேண்டாம், நாடா சிக்கினால் போச்சு. முதல் தடவை ஓடும்போதே பதிவாகும்படி செய்யுங்கள். எல்லாம் சேர்ந்த பிறகு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் சொல்லிப் பரவிய முறை இது. எளிமையானது, நம்பலாம்.

———

கயல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி வெளியே கேட்கத் தொடங்கிய பிறகு நிறைய வருகிறது.

முதலில் ஒரு கண்டெடுப்பு. அம்மாச்சியின் கால் மிஷினுக்கு அடியில் உள்ள இழுப்பறையில், பாபின்களுக்கும் உடைந்த ஊசிகளுக்கும் கீழே, அவருடைய அளவு நோட்டு இருந்தது. பெயர், தோள், மார்பு, கை, உயரம், எல்லாம் அங்குலத்தில். ஒரே பையன் பெயர் பல பக்கங்களில் வருகிறது, ஒவ்வொரு முறையும் உயரம் கூடியிருக்கிறது. ஒரு பெண்ணின் இடுப்பளவு கூடிக்கொண்டே போய், பின்னர் குறைந்து, அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு கைக்குழந்தைச் சட்டையின் அளவு இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம்.

சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டிருக்கிறார். அம்மாச்சியின் நெடுநாள் தோழி ஒருவர், "அது காசு வாங்காம தச்சுக் குடுத்தவங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வட்டம் மட்டும் போடுவா" என்றார். என் பெரியம்மா அப்படியே மறுக்கிறார். துணியைக் கொடுத்து முடித்ததற்கான அடையாளம் அது, பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான் என்கிறார். இருவரும் உறுதியாக இருக்கிறார்கள். எதை எழுதுவது?

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாச்சியும் அவர் தங்கையும் நெடுங்காலம் பேசிக்கொள்ளவில்லை. அது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் வாயால் சொல்வதில்லை. மாமா அதைப் புத்தகத்தில் சேர்க்கவே கூடாது என்கிறார்.

———

பழைய பேனா எழுதியது:

அந்த நோட்டு கிடைத்தது எவ்வளவு பெரிய விஷயம், கயல்! காகிதமே இல்லை என்று தொடங்கினீர்கள். அக்கம்பக்கத்தின் ஒரு தலைமுறை வளர்ந்ததை அவர் அங்குலக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். மற்றவர்களின் உடல் அளவுகள் இருப்பதால் அப்படியே அச்சில் போட வேண்டாம், உங்கள் குடும்பத்தாரின் பக்கம் ஒன்றைப் போட்டால் போதும்.

வட்டத்துக்கு வருகிறேன். நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது. கேம்பிரிட்ஜில் ஃப்ரெடெரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் ஒரு கதையை ஆட்களிடம் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவர்களுக்குப் புரியாதவை உதிர்ந்தன, தெரிந்த வடிவத்துக்குக் கதை மாறியது. 1932இல் வெளியிட்டார். யாரும் அங்கே பொய் சொல்லவில்லை. உங்கள் பெரியம்மாவும் அந்தத் தோழியும் அப்படித்தான்.

ஆனால் உங்களிடம் நோட்டே இருக்கிறதே, அதைக் கொண்டே சோதிக்கலாம். கொடுத்து முடித்த அடையாளம் என்றால் ஏறக்குறைய எல்லாப் பெயருக்கும் வட்டம் இருக்க வேண்டும், கடைசிப் பக்கங்களில் முடியாமல் நின்றவை நீங்கலாக. காசு வாங்காதவர்கள் என்றால் சில வீட்டுப் பெயர்களுக்கு மட்டும், அவை வருகிற இடத்திலெல்லாம் இருக்கும். பார்த்துச் சொல்லுங்கள். எப்படி இருந்தாலும் இருவர் சொன்னதையும் அவரவர் பெயரோடு எழுதுங்கள். ஒருவரை அழித்து இன்னொருவரை வைக்க வேண்டியதில்லை.

———

ஆதவன் எழுதியது:

தங்கையோடு பேசாமல் இருந்த விஷயத்தில் உங்கள் மாமா சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. போனவர் வந்து தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல முடியாது. அவரால் பதில் சொல்ல முடியாத ஒன்றை நாம் அச்சில் போடுவது எந்த வகையில் மரியாதை? வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் சண்டையைத் தீர்த்து வைத்தவராக இருப்பார். அவர் பெயரில் ஒரு சண்டையை விட்டுவைக்க வேண்டுமா? என் அம்மம்மாவைப் பற்றி நாங்கள் எழுதியபோது, அவர் எப்படி நினைவுகூரப்பட விரும்பியிருப்பார் என்ற ஒன்றை மட்டும்தான் கேட்டுக்கொண்டோம். இன்றைக்கும் அது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன்.

———

செந்தாமரை எழுதியது:

ஆதவன் அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் மாறுபடுகிறேன்.

முதியோரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். நிறையப் பாட்டிகளோடு கடைசி நாட்களில் இருந்திருக்கிறேன். பிள்ளைகள் வந்து "எங்கம்மா தெய்வம்" என்று சொல்லும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அதில் மகிழ்ச்சி இருப்பதில்லை. தெய்வத்துக்கு அலுப்பு வராது, அதற்கு ஆசை கிடையாது, நன்றி சொல்ல வேண்டியதும் இல்லை. இரவெல்லாம் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் காலையில் மிஷினில் உட்காரும்போது கண் எரிந்திருக்கும், தோள் வலித்திருக்கும். அது அவருக்குச் சுலபமாக வந்தது என்று நாம் எழுதினால் அவர் பட்ட பாட்டை நாமே குறைத்துவிடுகிறோம்.

தங்கை விஷயமும் அப்படித்தான். அத்தனை பேருக்குக் கதவு திறந்திருந்த ஒருவர், ஒரே ஒரு கதவை மூடி வைத்திருந்தார் என்றால் அங்கே அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! படிக்கிற பேத்திக்கு ஒருநாள் தன் சொந்தத் தங்கையோடு மனக்கசப்பு வரும். அப்போது அவளுக்குத் தெய்வம் உதவாது, அம்மாச்சி உதவுவார்.

கயல் அக்கா, ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மாச்சிக்கு என்ன பிடிக்கும்? மற்றவர்களுக்காகச் செய்தது வேண்டாம், அவருக்காக மட்டும் அவர் செய்துகொண்டது ஏதாவது உண்டா? வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பாருங்கள்.

———

ஆதவன் எழுதியது:

நீங்கள் சொல்வதை யோசித்துப் பார்க்கிறேன், செந்தாமரை. ஆனால் அந்தத் தங்கையோ அவர் பிள்ளைகளோ இருப்பார்கள் அல்லவா? அவர்களைக் கேட்காமல் எழுதக் கூடாது. அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

———

செந்தாமரை எழுதியது:

அதில் எனக்கும் மறுப்பில்லை, அண்ணா. கேட்டுத்தான் எழுத வேண்டும்.

———

நெய்தல் எழுதியது:

ஆவணம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு ஒரு பெரிய பின்னணி இருக்கிறது. சம்பளமில்லாத வேலையை யாரும் எண்ணுவதில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 64 நாடுகளின் தரவுகளைக் கொண்டு பார்த்தால் வீட்டு வேலை, குழந்தை வளர்ப்பு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது போன்ற ஊதியமில்லாப் பராமரிப்புக்கு நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் போகிறது. 200 கோடிப் பேர் சம்பளமே வாங்காமல் தினமும் 8 மணி நேரம் உழைப்பதற்குச் சமம் அது. இதில் 76.2 சதவீதம் பெண்களின் நேரம். உங்கள் அம்மாச்சி தைத்ததற்காவது நோட்டு இருக்கிறது. உட்கார்ந்திருந்த இரவுகளுக்கு எந்த நோட்டும் கிடையாது.

பாட்டிகளைப் பற்றி இன்னொரு ஆய்வும் உண்டு. குழந்தை பெறும் வயது முடிந்த பிறகும் மனிதப் பெண்கள் ஏன் இவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்பது உயிரியலில் நெடுநாள் கேள்வி. தான்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்ஸா மக்களிடையே மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ் குழுவினர் கவனித்தபோது, மூத்த பெண்களின் உழைப்பு பேரக்குழந்தைகளின் வளர்ச்சிக்கு எவ்வளவு உதவுகிறது என்று தெரிந்தது. 2004இல் பழைய ஃபின்லாந்து, கனடா குடும்பப் பதிவேடுகளை வைத்து இன்னொரு குழு கணக்கிட்டது: 50 வயதுக்கு மேல் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் கூடுதலாக இரண்டு பேரக்குழந்தைகள். பேரக்குழந்தைகளின் எண்ணிக்கையால் ஒரு பாட்டியை அளக்க வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. நாம் இன்று இருப்பதில் பாட்டிகளுக்குப் பங்கு உண்டு என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம், உங்கள் புத்தகம் பிள்ளைகளுக்கானது என்பதால் இதையும் சொல்கிறேன். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நடந்த துன்பம் எது என்கிற வகைக் கேள்விகள். விடை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. கதை பேச நேரமுள்ள வீடு வேறு வகையிலும் நல்ல வீடாக இருக்கலாம். ஆனால் துன்பம் பற்றிய கேள்வியும் அந்த 20இல் உண்டு என்பதைக் கவனியுங்கள். அந்த வகையில் நான் செந்தாமரை பக்கம்.

———

மழைச்சாரல் எழுதியது:

நடுவில் வேறு கேள்வி கேட்பதற்கு மன்னியுங்கள். என் அப்பத்தா இருக்கிறார், ஆனால் நினைவு மங்கிக்கொண்டே வருகிறது. காலையில் வந்துபோனவரை மாலையில் தெரியவில்லை. இப்போது அவரிடம் கதை கேட்பது அவரைத் துன்புறுத்துவதாகுமா? இந்த இழையைப் படித்ததிலிருந்து அதே யோசனையாக இருக்கிறது.

———

செந்தாமரை எழுதியது:

கண்டிப்பாகப் பேசுங்கள். பேசும் முறையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

"ஞாபகம் இருக்கா?" என்று தொடங்காதீர்கள். அது அவருக்குத் தேர்வு மாதிரி. விடை வராதபோது கூசிப்போவார்கள். ஒரு பழைய பொருளையோ படத்தையோ கையில் கொடுத்துவிட்டு அருகில் உட்காருங்கள். பெரும்பாலும் அண்மைய நினைவுகள் முதலில் போகும், இளமைக்கால நினைவுகள் நெடுநாள் நிற்கும். பழகிய பாட்டு இன்னும் கூடுதலாக நிற்கும். பேச்சே குறைந்துபோனவர்கள் ஒரு பாட்டின் முழு அடியையும் பாடியதை நான் பார்த்திருக்கிறேன். மாலை நேரத்தில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும், அதனால் நன்றாகத் தூங்கி எழுந்த காலை நேரம் நல்லது.

சொன்னதையே திரும்பச் சொல்வார். சொல்லட்டும். உங்களை அவருடைய தங்கை என்று நினைத்துப் பேசினால் திருத்த வேண்டாம். தங்கையிடம் சொல்வதை உங்களிடம் சொல்லப்போகிறார், அதை நீங்கள் வேறு எப்படியும் கேட்டிருக்க முடியாது. பதிவு செய்வதை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். முகத்தில் சோர்வு தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

———

மழைச்சாரல் எழுதியது:

மிக்க நன்றி. நாளைக் காலையே போகிறேன். அவருடைய பழைய கத்தரிக்கோல் ஒன்று என்னிடம் இருக்கிறது.

———

கயல் எழுதியது:

எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்! ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நோட்டை முழுக்கப் பார்த்தேன். சில வீட்டுப் பெயர்களுக்கு மட்டும்தான் வட்டம், அவை வரும் இடத்திலெல்லாம் இருக்கிறது. மற்றவற்றுக்கு இல்லை. தோழி சொன்னது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பெரியம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "அப்ப எங்களுக்கே சொல்லலையே" என்றார். இருவர் சொன்னதையும், பெரியம்மா கடைசியில் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன். வட்டம் போட்ட பெயர்கள் எதுவும் புத்தகத்தில் வராது. அவரே மறைத்து வைத்ததை நான் வெளியே எடுக்கப் போவதில்லை.

அதே மாதிரி இன்னொன்று. ஒருவர் தேடி வந்து, தன் அப்பாவுக்கு அம்மாச்சிதான் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்றும், யாருக்கு, என்னவென்று எங்களிடம் எப்போதாவது சொன்னதுண்டா என்றும் கேட்டார். சொன்னதே இல்லை. அத்தனை வீட்டு ரகசியமும் தெரிந்த ஒருவர் தன் மகளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார். கடிதம் எழுதிக் கொடுத்தார் என்று ஒரு வரியில் முடிக்க இருந்தேன். அவர் காத்த இந்த மௌனத்துக்காகவே ஒரு தனிப் பகுதி எழுதப்போகிறேன். அந்த வேலையில் கையெழுத்தைவிட அதுதான் பெரிது என்று இப்போது தோன்றுகிறது.

செந்தாமரை கேட்ட கேள்வியை வீட்டில் எல்லோரிடமும் கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. மாமாக்களுக்குத் தெரியவில்லை. தோழிக்குத் தெரிந்திருந்தது. தைத்த துணிகளைக் கொடுத்து முடித்த நாட்களில் அம்மாச்சி பஸ் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவாராம். எங்கும் எந்த வேலையும் கிடையாது. சும்மா போய் வருவது. வீட்டில் நூல் வாங்கப் போனேன் என்று சொல்வாராம். இதைக் கேட்டதும் அம்மா அழுதுவிட்டார், எனக்கோ மிகவும் சந்தோஷமாக இருந்தது. அவருக்கென்று ஒன்று இருந்திருக்கிறது.

முதல் பகுதியிலிருந்து ஒரு பத்தியை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

"மிஷினில் உட்கார்ந்துவிட்டால் அம்மாச்சி பேசமாட்டார், வாயில் குண்டூசிகள் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் தேர்வில் தோற்றுவிட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து அவர் வாசலில் வந்து நின்றபோதும் ஊசியை எடுக்கவில்லை. ஒரு பழைய துணியை நீட்டி, தையலைப் பிரிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பொழுது சாயும் வரை அவன் பிரித்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி வைத்துவிட்டு அவனோடு நடந்தார். அவனை வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். அவன் அப்பாவிடம் என்ன பேசினார் என்று அவனுக்குத் தெரியாது. அன்று அடி விழவில்லை என்கிறார், இப்போது அறுபதை நெருங்கும் அவர்."

———

ஆதவன் எழுதியது:

அருமையாக வந்திருக்கிறது, தங்கச்சி. "அன்பானவர்" என்ற சொல் எங்கேயும் இல்லை, ஆனாலும் அவரைப் பார்த்துவிட்டேன். தங்கை வீட்டாரிடம் பேசினீர்களா?

———

பழைய பேனா எழுதியது:

நல்ல பத்தி. ஒவ்வொரு பகுதிக்கும் அடியில் இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று சின்ன எழுத்தில் போட்டுவிடுங்கள். பின்னால் ஒருவர் தொடர்ந்து தேட விரும்பினால் அதுதான் பிடி. தேர்வில் தோற்றதை எழுத அவருடைய சம்மதமும் வேண்டும். அம்மாச்சி தனியாக நிற்கும் படம் ஏதாவது கிடைத்ததா?

———

கயல் எழுதியது:

ஐயா, சம்மதம் வாங்கிவிட்டேன். அவருக்குப் படித்தே காட்டினேன். தாராளமாகப் போடுங்கள், தோற்றது கணக்கில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். தனியாக நிற்கும் படம் இன்னும் கிடைக்கவில்லை, பழைய குழுப் படங்களைக் கேட்டு எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லியே.

ஆதவன் அண்ணா, அம்மாச்சியின் தங்கையோடு தொலைபேசியில் பேசினேன். முதலில் தயங்கினார். பிறகு, தன் பக்கத்தைத் தானே சொல்வதாகவும், அதை நான் மாற்றாமல் எழுத வேண்டும் என்றும் சொன்னார். ஒப்புக்கொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் போகிறோம். மாமா தானாகவே வருகிறேன் என்றார்.